முப்பத்தெட்டாம் நம்பர் ஷூ: பேரணாம்பட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு கல்வியாண்டு

2024 ஜூன் கடைசி வாரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"மிஸ், எங்கம்மாக்குக் கம்பெனில குடுத்தாங்க. இன்னான்னு படிச்சுச் சொல்லுங்க மிஸ்."

அவள் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினால், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். தாளில் இருந்தது ஆங்கிலம். கம்ப்யூட்டரில் ஓடும் புதுத் தையல் மெஷினுக்குப் பயிற்சி தரப்போகிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் கீழே இருக்கும் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதி சூப்பர்வைசரிடம் தரவேண்டும். கடைசி நாள் முந்தின நாளே முடிந்துவிட்டது. நாலு நாளாக அந்தத் தாள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்திருக்கிறது.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். தாளில் இருந்த சொற்களில் முக்கால்வாசி அவள் பாடத்தில் படித்தவை. பெயர், வயது, எத்தனை ஆண்டு அனுபவம், எந்தெந்த மெஷின் ஓட்டத் தெரியும், எந்த ஷிப்ட் வசதி. இவ்வளவுதான் கேள்வி. கோடிட்ட இடத்தை நிரப்புக என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து நிரப்பி வந்த பிள்ளை.

"உனக்குத்தான் படிக்க வருமே, நீயே ஏன் பாக்கல?"

"இது பாடத்துல இல்லியே மிஸ்."

அந்தப் பதிலோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன். நான் கணக்கு ஆசிரியை. மறுநாள் ஆங்கில ஆசிரியரிடமும் அறிவியல் டீச்சரிடமும் சொன்னேன். பாடத்தில் இல்லாத தாளையும் பிள்ளைகள் தாங்களே படிக்கப் பழகவேண்டும் என்று, மூவரும் சேர்ந்து அந்தக் கல்வியாண்டு முழுதும் ஒன்பதாம் வகுப்போடு செய்த வேலையை, அதில் தவறிப்போனதையும் விடாமல், இங்கே எழுதி வைக்கிறேன். எங்களைப் போன்ற ஊர்களில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

ஊரும் வேலையும்

பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது. அதில் பிறந்த வேலூர் 2019-இல் மூன்றானது. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரோடு நின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. கோடு எங்கே விழுந்தாலும் வேலை ஒன்றுதான், தோல். கூடவே பீடி, தீப்பெட்டி, லுங்கித் தறி.

'மாறிவரும் உலக வேலைச் சூழல்' என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை, 2030-க்குள் தொழிலாளர்களின் முக்கியத் திறன்களில் 39 சதவீதம் மாறிவிடும் என்று முதலாளிகள் எதிர்பார்ப்பதாகச் சொல்கிறது. எங்கள் ஊருக்கு இது புதுச் செய்தி இல்லை. இங்கே தாத்தாக்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறப்போட்டுப் பதனிட்டவர்கள். அந்தத் தோல் பாதிப் பதத்திலேயே கப்பலேறியது. 1973-க்குப் பிறகு, தோல் தொழிலை ஆராய்ந்த சீதாராமையா குழு சொன்னபடி, அரைப் பதத் தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுப் பதம் செய்த தோலும், பிறகு ஷூ அப்பரும், பிறகு முழு ஷூவும் இங்கேயே வந்தன. பட்டைத் தொட்டி போய், குரோமியம் உப்பில் தோலைப் பதனிடும் குரோம் டிரம் வந்தது. பாலாறு கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழியில்லாத தோல் பதனிடும் ஷாப்புகள் மூட நேர்ந்தது. தாத்தா தொட்டியில் நின்ற வீட்டில் அப்பா டிரம் ஓட்டினார், அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று தலைமுறையில் மூன்று வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு படி ஏறினார்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள் அல்லது வெளியே போனார்கள்.

இப்போது நாலாவது மாற்றம். செய்யாறு சிப்காட்டில் தைவான்காரர்களின் விளையாட்டு ஷூ ஆலை பல ஆண்டாக ஓடுகிறது. அங்கே தோலைவிடத் துணியும் ரப்பரும்தான் அதிகம். தமிழக அரசு 2022-இல் காலணித் துறைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நாங்கள் வேலையைத் தொடங்கிய மூன்றாம் மாதம், 2024 செப்டம்பர் 28 அன்று, இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய். அந்தச் செய்தித்தாள் துண்டை ஒரு பையன் பசை போட்டு நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்து காட்டினான்.

முதலில் தவறவிட்டது

தொடக்கத்தில் நானே தப்பான வழியில் போனேன். ஜூலையில் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்தோம். நல்ல மனிதர், ஒரு நாள் முழுக்கப் பேசினார். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை உறுதியாகக் குலுக்கு, உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி சொல். பிள்ளைகள் ஐந்து வரியையும் மாலைக்குள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஐந்து வரி, பெயர் மட்டும் வேறு. மறுவாரம் ஆங்கில ஆசிரியர் ஒரு ரயில் டிக்கெட்டைக் கொடுத்து, "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டபோது, ஐந்து வரி சொன்ன அதே பிள்ளைகள் டிக்கெட்டை அவரிடமே திருப்பி நீட்டினார்கள்.

'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று அதில் வழிகாட்டுகிறோம். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயரே தெரியாத ஊரில் அது பெரிய காரியம். ஆனால் எங்கள் சிக்கல் அதற்கு மூன்று நாலு வருஷம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. முன்பின் பார்க்காத ஒரு தாளைக் கையில் கொடுத்தால், 'இது எனக்கு இல்லை' என்று பிள்ளை ஒதுங்கிவிடுகிறது. அந்த ஒதுங்கலைத்தான் போக்கவேண்டியிருந்தது.

மாஸ்டரின் பென்சில்

ஆகஸ்டில் ஒரு பழைய பேட்டர்ன் மாஸ்டரை, அதாவது ஷூவுக்கு அளவும் வடிவமும் வரைந்து தருகிறவரை, வகுப்புக்கு அழைத்து வந்தோம். கம்பெனிக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கேட்டுப் பார்த்தோம், அனுமதி கிடைக்கவில்லை. அதனால் மாஸ்டரே ஒரு மஞ்சள் பையில் இரண்டு லாஸ்ட், அதாவது ஷூவை மேலே போர்த்தி வடிவெடுக்கும் கால் அச்சு, ஒரு டேப், கொஞ்சம் பழுப்புத் தாள் எடுத்துக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றவர். பேசக் கூச்சப்பட்டு, வந்ததும் தரையில் தாளை விரித்துவிட்டார்.

ஒரு மாணவியைத் தாள்மேல் நிற்கச் சொன்னார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலில் தொடங்கிப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். பக்கத்தில் ஒரு பையன் இன்னொருவன் காலை அதேபோல் வரையப் பார்த்தான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பென்சில் சாயுது பாருப்பா. முன்னால மூணு மில்லி, பின்னால மூணு மில்லி சாஞ்சா ஒரு சைஸே போச்சு."

அன்றைய பாடம் முழுதும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. முன்னால் மூன்று, பின்னால் மூன்று, மொத்தம் ஆறு மில்லிமீட்டர். ஒரு சைஸ் என்பது எத்தனை மில்லிமீட்டர்? மாஸ்டருக்கு அட்டவணை மனப்பாடம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததில்லை. பிள்ளைகளும் நானும் உட்கார்ந்து பிரித்தோம்.

ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். ஆங்கிலேய அளவில் ஒரு சைஸ் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மில்லிமீட்டர். அந்த மூன்றில் ஒரு அங்குலம் ஒரு பார்லி மணியின் நீளம் என்று வந்ததாம். எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று நம் பாட்டன்மார் அளந்ததும் தானியத்தில்தான். இதைச் சொன்னதும், பின்வரிசையில் எப்போதும் ஜன்னலையே பார்க்கும் ஒருவன் தன் சாணை மேசையில் வைத்து அளக்க ஆரம்பித்தான்.

அந்த மாணவியின் பாதம் 24 சென்டிமீட்டர். விரலுக்கு முன்னால் இடம் விட்டு லாஸ்ட் 25.5 என்றார் மாஸ்டர். ஐரோப்பிய சைஸ் வேண்டுமானால் ஒன்றரையால் பெருக்கு: 38.25, ஆக 38. ஆங்கிலேய சைஸுக்கு அங்குலமாக்கினால் 10.04, மூன்றால் பெருக்கினால் 30.1. இங்கே வகுப்பு நின்றுவிட்டது. முப்பதாம் நம்பர் ஷூவா? குழந்தைகளின் சைஸ் நாலு அங்குலத்தில், அதாவது 12 பார்லி மணியில், பூஜ்யமாகத் தொடங்கி 13 வரை ஓடும். அதற்குப் பிறகு பெரியவர்களுக்கு மறுபடி 1 என்று தொடங்கும். ஆகவே பன்னிரண்டும் பதின்மூன்றும் கூட்டி 25-ஐக் கழிக்கவேண்டும். 30.1-இல் 25 போக 5. மாஸ்டர் தன் அட்டவணையைப் பார்த்தார். 38-க்கு நேரே 5.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அட்டவணைல சில இடத்துல மட்டும் ரெண்டும் முழு நம்பரா வருது, மத்த இடத்துல அரை அரையா வருதே, ஏன்?" நான் பதில் சொல்லவில்லை, கரும்பலகையை அவளுக்கு விட்டேன். அடுத்த பீரியட் முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆங்கிலேய அளவில் நாலு சைஸ் ஏறினால் ஏறக்குறைய 33.9 மில்லி, ஐரோப்பிய அளவில் ஐந்து சைஸ் ஏறினால் 33.3. அதனால்தான் 5-க்கு 38, 9-க்கு 43. நடுவில் அரை மில்லி வித்தியாசத்தை உலகம் முழுக்க எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா இத எழுதியிருக்கேன், ஒருத்தரும் சொல்லித் தரல" என்றார்.

தசமம், விகிதம், முழுதாக்கல், அலகு மாற்றம். எல்லாமே ஒன்பதாம் வகுப்புக்குள் வரும் கணக்குதான். ஒரு மில்லி தவறினால் என்ன ஆகும் என்பது மட்டும் அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அறிவியல் டீச்சர் இதையே வேறு பக்கத்திலிருந்து எடுத்தார். ஐரோப்பாவுக்குப் போகும் தோலில், உடம்புக்குக் கேடான ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது. 2015 மே முதல் இருக்கும் விதி. பதனிடும்போது போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். சூட்டிலும் பதம் தவறினாலும் அது ஆறாக மாறலாம். ஆக்சிஜனேற்ற எண்ணைக் கோடிட்ட இடத்தில் மட்டும் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு, அந்த மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு கன்டெய்னர் நிறையச் சரக்கு திரும்பி வரலாம் என்பது புதுசு. "மூணு மில்லிகிராம்னா எவ்ளோ?" என்று கேட்டார்கள். ஒரு டன்னுக்கு மூன்று கிராம் என்றதும் கேட்டவர்கள் அடங்கிவிட்டார்கள்.

ஒரு தகப்பனின் கேள்வி

செப்டம்பரில் பெற்றோர் கூட்டம். ஒரு தகப்பனார் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"டீச்சர், நான் இருபது வருஷம் சுண்ணாம்புத் தொட்டில நின்னவன். அந்த வாசனை எம்புள்ள மேல படக்கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். நீங்க தோலையே கிளாசுக்குள்ள கொண்டாந்துட்டீங்களே."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் தோல் வேலையின் கஷ்டம் மட்டும் இல்லை, அந்த வேலையை வைத்து ஊர் அவரை நிறுத்திய இடமும் இருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தையும் பெற்றோர் தொழிலையும் சேர்த்துப் பேசுகிற எவரும் 1953-ஐ மறக்கமுடியாது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ராஜாஜி அரசு கொண்டுவந்ததைக் குலக்கல்வித் திட்டம் என்றே மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அப்போது அவர் சட்டமன்றத்துக்கு நின்று வென்ற தொகுதி குடியாத்தம். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பஸ் தூரம். இந்த மண்ணில் நின்றுகொண்டு நான் அதே தப்பைச் செய்கிறேனா என்ற கேள்வி பல நாள் தூங்கவிடவில்லை.

ஊரின் வேலையை எடுத்துப் பாடம் நடத்துவது வேறு. ஊரின் வேலைக்கென்று பிள்ளையைத் தயார் செய்வது வேறு. நான் முதலாவதைத்தான் செய்வதாக நினைத்தேன். வெளியிலிருந்து பார்க்கிற தகப்பனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் தப்பு என்னுடையதுதான். மூவரும் உட்கார்ந்து மாற்றினோம். அதன் பிறகு வகுப்பில் எந்தப் பிள்ளையும் தன் அம்மா அப்பா வேலையைச் சொல்லவேண்டியதில்லை. தோல் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் யாரும் செய்யாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரவேண்டும். தினமும் நீங்கள் படிக்கிற தாள் எது? தப்பே செய்யக்கூடாத அளவு எது? தெரியாமல் போனால் யாரைக் கேட்பீர்கள்?

அந்தத் தகப்பனாரைத் தேடிப்போய் இதைச் சொன்னேன். "இப்ப சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டரிடம் மட்டும், அவர் விரும்பிய நாளில் வந்து கணக்குச் சொல்லித் தரலாம் என்று கேட்டுக்கொண்டோம். அவரும் அவ்வப்போது வந்தார்.

மூன்று கேள்விக்கு வந்த பதில்கள்

நோட்டுகளில் வந்த பதில்களைப் படித்தபோது எனக்கே பல விஷயம் புதிதாக இருந்தது. டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் போன மாணவி எழுதியது: நோயாளியை முன்னும் பின்னும் எடை பார்க்கவேண்டும். கூடியிருக்கும் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எவ்வளவு எடுக்கவேண்டும் என்று அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். இதைத் தப்பாகக் குறித்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கீழே தன் கருத்தாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: "எடை மிஷினை முதல்ல பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும்."

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே உள்ள தெருக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், காந்தி ரோட்டில் பாதிப் பலகை வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். எங்கள் மாணவன் ஒருவனுடைய பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறார். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரைப் பள்ளிக்கு அழைத்தான். எட்டாம் வகுப்போடு நின்றவர். கையில் ஒரு நூறு பக்க நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் தமிழ் எழுத்திலேயே வங்காளம். வலி எங்கே: பேத்தா கொத்தாய். எவ்வளவு ரூபாய்: கொத்தோ டாக்கா. சோறு: பாத். மீன்: மாச்.

"எத்தினி மாசத்துல கத்துக்கினீங்க அண்ணா?"

"ஆறு மாசம். மொத மாசம் தப்புத் தப்பாத்தான் பேசினேன். அவங்க சிரிப்பாங்க, அப்புறம் சரியாச் சொல்லித் தருவாங்க. கேக்கறதுக்கு வெக்கப்பட்டா இன்னிக்கும் பெட்டிதான் தூக்கினு இருப்பேன்."

தினமும் அவர் படிக்கிற தாள் எது? வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அனுப்பவேண்டிய படிவம். இப்போது ஆன்லைனில். தப்பே செய்யக்கூடாதது, பாஸ்போர்ட் எண்ணும் விசா முடியும் தேதியும். தெரியாமல் போனால், மேனேஜர். மேனேஜரும் இல்லாவிட்டால், படிவத்தையே பொறுமையாக இன்னொரு முறை படிப்பார். அந்தக் கடைசிப் பதிலை என் மாணவன் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தான்.

அன்றே வகுப்பில் யாருக்கு எத்தனை மொழி வரும் என்று கை தூக்கச் சொன்னேன். வீட்டில் உருது, தெருவில் தமிழ். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மூன்றும் வருகிற பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளிப் பதிவேட்டில் தாய்மொழி என்று ஒரே கட்டம், அதில் ஒரே சொல். இவ்வளவு பெரிய சொத்தைப் பதினான்கு வயதுவரை யாரும் இவர்களிடம் சொத்து என்று சொன்னதே இல்லை.

நர்ஸாகி ஜெர்மனிக்குப் போகவேண்டும் என்று எழுதியவள் ஒருத்தி. வேலூர்ப் பிள்ளைக்கு நர்ஸ் கனவு வருவது இயல்பு. இடா ஸ்கடர் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய அந்த சி.எம்.சி. மருத்துவமனையின் நிழலில் வளர்ந்த ஊர் இது. அவள் விசாரித்து வந்ததில், அங்கே நர்ஸ் வேலைக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை தேறவேண்டும், முதல் நிலையிலிருந்து நாலாவது படி அது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறது என்பதையும் எழுதியிருந்தாள். அவளுக்கு ஒரு பயம்: இப்போதே ஜெர்மன் படிக்காவிட்டால் முடியாதோ? தமிழாசிரியர் அங்கே உள்ளே வந்தார். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உண்டு என்று கேள்விப்பட்டதும் அவருக்கு உற்சாகம். "நமக்கு எட்டு வேற்றுமை, அவங்களுக்கு நாலுதான். உருபு மாறினா பொருள் மாறும்னு உனக்கு ஏற்கெனவே தெரியும். அத நல்லாப் புரிஞ்சு படி, மிச்சம் தானா வரும்" என்றார். அவள் அன்றிலிருந்து இலக்கணக் குறிப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்பதில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

போன் இருக்கும்போது எதற்கு?

நவம்பரில் ஒரு பையன் நேராகவே கேட்டான். "மிஸ், போட்டோ எடுத்தா போனே தமிழ்ல மாத்திக் குடுத்துடுது. எதுக்கு நாங்க கஷ்டப்பட்டுப் படிக்கணும்?" நியாயமான கேள்வி. இனி வரும் வேலைகளில் இந்தக் கருவி எல்லோர் கையிலும் இருக்கும். அதைப் பார்க்காதே என்று சொல்வது ஆசிரியர் வேலை இல்லை. ஹைடெக் லேபில் அவனையே செய்யச் சொன்னோம். மாஸ்டர் விட்டுப்போயிருந்த ஒரு அளவுத் தாளைப் படம் எடுத்து மொழிபெயர்த்தான். பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஆனால் லாஸ்ட் நீளம் என்ற இடத்தில் 'கடைசி நீளம்' என்று வந்திருந்தது. வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் "தப்பு" என்று கத்தினார்கள். லாஸ்ட்டைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

அதன் பிறகு ஆங்கில ஆசிரியர் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். புதுத் தாள் எதுவானாலும், முதலில் தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு. மீதியைத் தமிழில் நம் வாயால் சொல்லிப் பார்ப்பது. அதற்குப் பிறகு போன். கடைசியில் போன் சொன்னது பொருந்துகிறதா என்று பக்கத்தில் ஒருவரிடம் கேட்பது. மருந்துச் சீட்டு, மின் கட்டண ரசீது, ஊசி உடைந்தால் உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினால்தான் புது ஊசி தருவோம் என்கிற தையல் பிரிவு விதித் தாள், வங்கிப் படிவம். வாரம் ஒன்று. கோடுகள் மாதத்துக்கு மாதம் குறைந்தன.

வராமல் போனவை

எல்லாம் கைகூடவில்லை. அரையாண்டுக்கு வரும்போது கணக்கில் நான் இரண்டு பாடம் பின்தங்கியிருந்தேன். தலைமையாசிரியர் கோபப்பட்டார், அவர் பக்கம் நியாயம் இருந்தது. சனிக்கிழமைகளில் வைத்து முடித்தேன். அரையாண்டு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வினாத்தாள் கேட்பது வேறு, நாங்கள் பழக்கியது வேறு. ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசுவதில் பிள்ளைகள் ஜூனில் இருந்த இடத்திலேயே ஏறக்குறைய இருந்தார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு பையன் வரவில்லை. பெங்களூரில் பேக்கரி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் கடன். சாணால் மேசையை அளந்த அதே பையன். அவன் மூன்று கேள்வி நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. பனப்பாக்கம் செய்தித் துண்டை ஒட்டியிருந்த நோட்டும் அதுதான். வீட்டுக்கு இரண்டு முறை போனோம், அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு அழுதார். ஒரு வகுப்பறைக்குள் எவ்வளவு நன்றாக நடத்தினாலும், வீட்டுக் கடனுக்கு முன்னால் அது நிற்காது என்று அன்று திரும்பும் வழியில் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவனைத் திறந்தநிலைப் பள்ளியிலாவது பத்தாம் வகுப்பு எழுதவைக்க இப்போதும் முயல்கிறோம்.

அறிவியல் டீச்சருக்கு மாறுதல் கலந்தாய்வில் இடம் மாறிவிட்டது. இந்த மாதிரி வேலை மூன்று ஆசிரியர்களின் நட்பில் தொங்கிக்கொண்டிருந்தால் நிலைக்காது. இன்னொரு முறை தொடங்கினால் ஏழாம் வகுப்பில் தொடங்குவேன், தமிழ்த் தாள்களில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போவேன், பெற்றோரை முதல் வாரமே அழைத்துப் பேசுவேன்.

ஏப்ரல்

2025 ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, அதே மாணவி மறுபடி வந்தாள். நாலாக மடித்த தாள். கம்பெனியில் இரண்டாவது முறையாகப் பயிற்சிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை தாளைப் பிரித்து அவளே என் முன்னால் வைத்தாள். மூன்று இடத்தில் பென்சில் கோடு. பெயர், வயது, ஆண்டு எல்லாம் நிரப்பியிருந்தது.

"இது மட்டும் காலியா இருக்கே?" என்றேன். எந்தெந்த மெஷின் ஓட்டத் தெரியும் என்ற கேள்வி.

"அது எனக்குத் தெரியாது மிஸ். அம்மாவத்தான் கேக்கணும். நேத்து தூங்கிட்டாங்க."

மறுநாள் அந்த இடம் நிறைந்திருந்தது. ஃபிளாட் பெட், போஸ்ட் பெட், ஜிக்ஜாக், ஸ்கைவிங். நாலையும் அம்மா படபடவென்று சொல்லச் சொல்ல இவள் எழுதினாளாம். ஸ்கைவிங் என்ற சொல்லின் எழுத்தை மட்டும் மாஸ்டரிடம் போய்க் கேட்டு வந்திருக்கிறாள்.

"எங்கம்மாக்கு இவ்ளோ இங்கிலீஷ் தெரியும்னு எனக்குத் தெரியாது மிஸ்" என்றாள். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.